மறு: ‘உட்பொதிப்பு’ போதுமே, எதற்குப் புதுச்சொல்?

அண்ணே, வணக்கம்.

> ஜெம்5-ஐ சிஸ்டம்சிக்குள் வைத்து ஓட்டுவதை ‘உட்பொதிப்பு’ என்று எழுதிவிட்டுப் போங்களேன்.

(புதிதாக வருபவர்களுக்கு: ஜெம்5, ஒரு கணினியின் செயலியையும் நினைவகத்தையும் மென்பொருளிலேயே ஓட்டிக் காட்டும் பாவனையாக்கி, அதாவது சிமுலேட்டர். சிஸ்டம்சி, வன்பொருள் மாதிரிகளை எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் சி++ நூலகம்.) நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். போன வாரம் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மாட்டிக்கொண்டேன். “வாஷிங் மெஷினுக்குள்ள இருக்கற சிப்பா சார்?” என்றான் ஒருவன். அவன்மேல் தப்பில்லை, அந்தப் பொருளில் அந்தச் சொல்லைப் பழக்கியது நாம்தான். ஆனால் என் குறை அதுவல்ல. எது எதற்குள் இருக்கிறது என்பதோடு அந்தச் சொல் நின்றுவிடுகிறது. பாவனை நேரத்தை நகர்த்தும் கடிகாரம் யார் கையில்? இந்த வேலையில் தலைவலியே அங்கேதான்.

ஜெம்5 (எம்5, ஜெம்ஸ் இரண்டும் கலந்து 2011-இல் வந்தது) தனியாக ஓடும்போது தன் நிகழ்வு வரிசையின் (எந்த நேரத்தில் எது நடக்க வேண்டும் என்ற பட்டியலின்) தலையில் இருப்பதை எடுக்கும், கடிகாரத்தை அந்த நேரத்துக்கு நகர்த்தும், நிகழ்வை நடத்தும், அடுத்ததற்குப் போகும். ஐஇஇஇ 1666 என்ற தரநிலையாக உள்ள சிஸ்டம்சியிலும் இதே கதைதான். இரண்டையும் அப்படியே சேர்த்தால் ஒரே படகில் இரண்டு சுக்கான். அதனால் ஜெம்5-இன் வரிசையை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நடத்தும் மடக்கை (லூப்) மட்டும் கழற்றிவிடுகிறோம். இந்த நேரத்துக்கான நிகழ்வுகளை அது முடிக்கும். ‘அடுத்தது இத்தனை மணிக்கு, அப்போது எழுப்பு’ என்று சிஸ்டம்சியிடம் சொல்லிவிட்டுத் தூங்கும். இரண்டிலும் இயல்பான நேர அலகு 1 பிக்கோநொடி என்பது நம் அதிர்ஷ்டம்.

இதற்குப் பெயராகத் தொண்டிக்கார நண்பர் சொன்ன ‘இழுவை’ எனக்கும் முதலில் பிடித்தது. விசைப்படகின் பின்னால் கட்டிய வத்தை (சிறுபடகு) கண்முன்னே வருகிறது. அப்பாவிடம் கேட்டேன். “கட்டி இழுக்குற வத்தை, எப்ப நிறுத்தணும்னு சொல்லுமாடா?” என்றார். நியாயம்தான். உள்ளே இருப்பது பேசாத வத்தை இல்லை. கீழக்கரைப் பக்கம் அந்தக் காலத்தில் சங்கு குளித்ததுபோல என்றார் அவர். குளியாளி கல்லோடு இறங்குவார், கீழே தன் வேலையைப் பார்ப்பார், கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். கேட்பது கீழே, இழுப்பது மேலே. ஒப்புமை கச்சிதம், ஆனால் கலைச்சொல்லில் ‘குளி’யைப் போட்டால் வகுப்பே சிரிக்கும்.

ஆகவே என் முன்மொழிவு: அடங்கோட்டம். உள்ளடங்குதல், கட்டுப்படுதல் இரண்டும் ‘அடங்கு’ என்ற ஒரே வினையில் இருக்கின்றன. எதிர்ச்சொல் தன்னோட்டம். ‘ஜெம்5-ஐ அடங்கோட்டத்தில் இயக்கினோம்’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை. ‘அடங்கு மடக்கு’ என்றும் ஒருவர் அனுப்பியிருந்தார். அது நாப்பயிற்சிக்கு ஆகும்.

> அடங்கிப் போவதென்றால் மெதுவாக ஓடும் என்று தோன்றாதா?

வேகம் வேறு, அதிகாரம் வேறு அண்ணே. பாம்பன் பாலம் திறக்கும்வரை காத்திருக்கிற படகை மெதுவான படகு என்று யாரும் சொல்வதில்லையே.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். ஜெம்5 தூங்கிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து ஒரு நினைவகக் கோரிக்கை வரும். அது உருவாக்கும் நிகழ்வு, முன்பு சொல்லிவைத்த நேரத்துக்கு முந்தியதாக இருக்கலாம். அப்போது பழைய அலாரத்தை ரத்து செய்து புதியதை வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் உள்கடிகாரத்தை வெளிநேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால், கடந்துபோன நேரத்தில் நிகழ்வைப் போட்டதாகச் சொல்லி நிரல் அங்கேயே நின்றுவிடும். எனக்கு இரண்டு ராத்திரி போனது இதில்தான். அலாரத்தை முன்னால் மாற்றி வைப்பதை ‘முன்னெழுப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். உள்கடிகாரத்தைச் சரிக்கட்டுவதற்கு ‘நேர ஈடு’ என்று எழுதிப் பார்த்தேன், நஷ்டஈடு மாதிரி ஒலிக்கிறது. உங்கள் பக்கம் வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.