வீட்டு வாசலில் சம்மன்: அமெரிக்காவில் சிவில் கேஸைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வைகைக்கரை (ஃப்ரீமாண்ட்)

இன்னும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதறேன். கார் இடிச்ச கேஸ். விபத்து நடந்து ரெண்டு வருஷம் முடியப்போற நேரத்துல எதிராளி வழக்கு போட்டார். கலிபோர்னியாவில உடல் காயத்துக்குக் கெடு அவ்வளவுதான். சம்மன் வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல. ஊர்ல இருந்து வந்திருந்த அம்மாதான் கதவைத் திறந்தாங்க. வெயில்ல வந்திருக்கானேன்னு, சம்மன் கொண்டு வந்த பையனுக்கு மோர் கொடுத்திருக்காங்க. நின்னபடியே குடிச்சிட்டு, கத்தையைக் கொடுத்து, அம்மா பேரைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டான்.

சாயங்காலம் நான் வந்தப்ப அம்மா பெட்டியில துணி அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. "கோர்ட்டு முத்திரை போட்டிருக்குப்பா. போலீஸ் வர்றதுக்குள்ள ஊருக்குப் போயிரலாம், நீயும் கிளம்பு." இது பணம் கேட்டுப் போட்ட கேஸ்மா, யாரையும் பிடிச்சுட்டுப் போக மாட்டாங்க, இன்சூரன்ஸ்காரங்களே வக்கீல் வச்சுப் பார்த்துப்பாங்கன்னு எவ்வளவோ சொன்னேன். ராத்திரி முழுக்க ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து ஜன்னலைப் பார்த்தாங்க. கேஸ் பேசித் தீர்ந்துடுச்சு. அம்மா முகம்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஹூஸ்டன் பெரியவர்

தம்பி, அந்த சம்மனே செல்லாது! உங்கள் கையில் நேராகக் கொடுக்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். வேறு ஒருவரிடம் கொடுக்க நீதிபதியின் உத்தரவு தேவை. முதலிலேயே ஆட்சேபித்திருக்க வேண்டும். எனக்கும் வேலித் தகராறில் ஒரு வழக்கு வந்து முடிந்தது, அதை விடுங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன், சம்மனை மேஜை மேல் போட்டு வைக்காதீர்கள். டெக்சாஸ் மாவட்ட நீதிமன்றத்தில் 20 நாள் கழிந்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் மனு போய்ச் சேர வேண்டும். தவறினால் எதிராளி கேட்டபடியே தீர்ப்பு வாங்கிவிடலாம். நியாயம் யார் பக்கம் என்று விசாரிக்கவே மாட்டார்கள். பிறகு அதை ரத்து செய்ய அலைவது பெரும்பாடு. கவரில் தேதி எழுதி வையுங்கள், வக்கீலுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள், எதிராளியிடம் தனியாகப் பேசப் போகாதீர்கள்.

மதுமிதா_நியூஜெர்சி

ஐயா, டெக்சாஸ் விதியைக் கலிபோர்னியாவுக்குப் பொருத்தாதீங்க. மாநிலத்துக்கு மாநிலம் வேற. அங்க நேர்ல கொடுக்க நியாயமா முயற்சி பண்ணியும் முடியலைன்னா, வீட்டுல இருக்கிற வயசு வந்த ஒருத்தர்கிட்ட விவரம் சொல்லிக் கொடுத்துட்டு, தபால்லயும் ஒரு நகல் அனுப்பணும். அனுப்பின பத்தாம் நாள் சேர்ந்ததாக் கணக்கு, அதுலேர்ந்து 30 நாள் பதிலுக்கு. ஃபெடரல் கோர்ட்னா, அதாவது மத்திய அரசு கோர்ட்னா, 21 நாள்தான். இங்கிலீஷ் புரியாத அம்மாவுக்கு அந்தப் பையன் என்ன விவரம் சொல்லியிருப்பான்? கேட்கணும்னா அதைத்தான் கேட்கணும்.

என் கதை டெபாசிஷன், அதாவது விசாரணைக்கு முன்னாடியே வக்கீல்கள் சாட்சியைக் கேள்வி கேட்டுப் பதிவு பண்றது. எங்க கம்பெனி மேல போட்ட ஃபெடரல் கேஸ்ல நான் சாட்சி. 7 மணி நேரம் வரைக்கும் கேட்கலாம். சத்தியப் பிரமாணம் உண்டு, ஆனா அறையில நீதிபதி கிடையாது. "அந்த மெயிலைப் படிச்சீங்களா?"ன்னாங்க. நம்ம ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். பேசறதையெல்லாம் தட்டச்சு பண்ணிட்டிருந்த கோர்ட் ரிப்போர்ட்டர் ரெண்டு கையையும் மெஷினுக்கு மேல தூக்கிட்டு, "வாயால சொல்லுங்க"ன்னாங்க. ஆமான்னேன். உடனே எதிர்க்கட்சி வக்கீல், "இப்போ இல்லைன்னுதானே தலையாட்டினீங்க?" எங்க வக்கீல் ஆட்சேபம் சொன்னார். அது பதிவுல ஏறும், அவ்வளவுதான், பதில் சொல்லியே ஆகணும். பொய் சொன்னவளாட்டம் உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னது உண்மை. யார் முகத்தைப் பார்த்து அதைச் சொல்றதுன்னுதான் தெரியல.

சன்னிவேல்_செல்வி

வாடகை வீட்டு அட்வான்ஸ். கலிபோர்னியாவில காலி பண்ணி 21 நாளுக்குள்ள கணக்குக் கொடுக்கணும், ஓனர் கொடுக்கல. சின்னத் தொகை கேஸ் பார்க்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல போட்டேன், அங்க வக்கீலுக்கு இடமில்ல, நானே பேசினேன். ஜெயிச்சேன். பணம் எங்க வாங்கணும்னு கவுண்டர்ல கேட்டா, "கோர்ட் வசூல் பண்ணித் தராதும்மா, அது உங்க பொறுப்பு"ன்னாங்க. தீர்ப்புக் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன். என்னைத் தாண்டி எல்லாரும் வரிசையில முன்னால போயிட்டாங்க. தோத்தவங்க சொத்து விவரம் 30 நாள்ல எழுதித் தரணும், ஓனர் அதுவும் தரல. தீர்ப்பு 10 வருஷம் செல்லும்ங்கிறாங்க. ஷெரிஃப் (கவுண்டி போலீஸ் அதிகாரி) மூலமா பேங்க் கணக்கைப் பிடிச்சு வசூலிச்சவங்க இருந்தா, முதல்ல எந்த விண்ணப்பம் கொடுத்தீங்கன்னு சொல்லுங்க.