பக்கத்து வீட்டு அக்காவிடம் வசனம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன், இனி எப்படிப் போவது?

தண்டையார்பேட்டைப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிஎஸ்ஐ சபைக் கிறிஸ்தவர்கள். ஒரே சுவர்தான், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அக்கா வீடு. அவர்கள் இந்துக்கள், எட்டு வருஷப் பழக்கம். அக்காவின் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டினார். போன மாதம் ஒரு புதன்கிழமை விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்று வாசற்படியில் உட்கார்ந்தவர், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. 42 வயது. ஒன்பதாவது படிக்கிற பையன், ஐந்தாவது படிக்கிற பெண்.

நான்காம் நாள் பைபிளை எடுத்துக்கொண்டு போனேன். சபையின் பெண்கள் கூட்டத்தில் பத்து வருஷமாகப் பேசுகிறவள், துக்க வீட்டில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ரோமர் 8:28 எடுத்து, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று படித்தேன். அக்கா என்னையே பார்த்தார். "இதுல இன்னா நன்மை? உங்க சாமிக்கு இந்த வூட்டு ஆம்பளதான் கெடச்சானா?" அவ்வளவுதான். கத்தவில்லை. எழுந்து வந்து கதவை மெதுவாகச் சாத்தினார், நான் வாசலில் பைபிளோடு நிற்கிறேன், எதிர் வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள்.

அதன் பிறகு 16-ஆம் நாள் காரியம். படையல் சோறு சாப்பிட வேண்டி வரும், போகாதே என்று மாமியார் சொன்னார். தலைவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். தெருவில் பந்தல், பெஞ்சு இழுக்கிற சத்தம், சாம்பார் வாளி சத்தம் எல்லாம் கேட்கிறது, நான் தலைக்குப் போர்வையை இழுத்துக்கொண்டு கிடக்கிறேன். கதவு சாத்தியதைவிட அந்த ஒன்றரை மணி நேரம்தான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டு சீரியல் சத்தம் சுவர் வழியாக அப்படியே வரும். ஜெபம் பண்ண விடமாட்டேன் என்கிறார்களே என்று எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது ஒரு மாதமாக அந்த டிவி ஓடவில்லை. வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. அந்த அமைதியில் எனக்கு ஜெபமே வரவில்லை.

திரும்ப அந்த வீட்டுக்குள் எப்படிப் போவது? காரியத்துக்குப் போயிருக்க வேண்டுமா? ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் கோயிலில் உட்கார்ந்து வருகிறதோடு என் விசுவாசம் முடிந்துவிடுகிறதோ என்று பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் பெரியம்மா:

கண்ணு, முதலில் அழுகையை நிறுத்து. வாயைத் திறந்து மாட்டிக்கொண்டவர்களில் நீ முதல் ஆள் இல்லை. எங்கள் இராயப்பரே அப்படித்தான் (உங்கள் பைபிளில் பேதுரு). மலை மேல் இயேசு ஒளியாக மாறி நிற்கிறார், சும்மா பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? மூன்று கூடாரம் போடலாமா என்று கேட்கிறார் மனுஷன். தான் சொல்லுகிறது இன்னது என்று தெரியாமல் சொன்னார் என்று லூக்காவே எழுதி வைத்திருக்கிறார்.

யோபு புத்தகம் தெரியும்தானே? எல்லாம் இழந்து கிடந்த யோபுவைப் பார்க்க வந்த அந்த மூன்று சிநேகிதர்களையும் எல்லோரும் திட்டுவோம். ஆனால் முதல் ஏழு நாள் அவர்கள் செய்தது சரி. ஏழு பகல் ஏழு ராத்திரி அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு காரணம் விளக்க ஆரம்பித்தார்கள், அங்கேதான் வினை.

நான் வின்சென்ட் தே பவுல் சபையில் (ஏழைகள் வீட்டுக்குப் போய் உதவுகிற கத்தோலிக்கச் சங்கம்) பல வருஷமாக வீடு வீடாகப் போகிறவள். 1833-இல் பாரிஸில் ஓசானாம் என்ற கல்லூரிப் பையன், இருபது வயது, நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது. ஒரு விவாதத்தில் எதிராளி கேட்டானாம், கிறிஸ்தவம் கிறிஸ்தவம் என்று பேசுகிறீர்களே, இன்றைக்கு ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று. அதற்குப் பதில் பேசிக்கொண்டிருக்காமல் ரொசாலி என்ற கன்னியாஸ்திரியிடம் போய், எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் போவது என்று கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் நாங்கள் இரண்டு பேராகத்தான் போவோம். ஒருத்தர் பேசினால் இன்னொருத்தர் அடக்குவார், அது ஒரு வசதி.

என் முதல் வீடு கல்மண்டபம் பக்கம். நானும் உன்னை மாதிரி ஏதோ பேச ஆரம்பித்தேன். கூட வந்த அம்மா என் கையைக் கிள்ளினார். பிறகு அவர் நேராகப் பின்கட்டுக்குப் போய் மூன்று நாளாகக் குவிந்து கிடந்த பாத்திரத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் ஊற்றினேன். பருக்கை காய்ந்து ஒட்டின குக்கர் ஒன்று, சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, அரை மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டினோம். வீட்டுக்காரம்மா வந்து பக்கத்தில் குந்தி, "அத்த உடும்மா, அது கல்யாணத்துக்கு வந்த குக்கரு" என்று சொல்லி அன்றைக்குத்தான் முதல்முதலாக அழுதாராம்.

அப்புறம் ஒரு விஷயம், இது ஜெபத்தைவிட அவசரம். காகித வேலை யார் பார்க்கிறார்கள்? இறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து விவரம் போயிருக்கும் என்று சும்மா இருந்துவிடாதே, பெயர் எழுத்தெல்லாம் ஆதார் கார்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பார். ஒரு எழுத்து மாறினால் பிறகு பேங்கில் அலைய விடுவார்கள். அந்தச் சான்றிதழ் கையில் வந்ததும் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்குப் போடணும், அது தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் போய் வரும். விதவை ஓய்வூதியத்துக்கும் அங்கேயே விசாரி. லாரி ஓனரிடம் சம்பள பாக்கி, இன்சூரன்ஸ் ஏதாவது இருக்கிறதா என்று பையனை வைத்துக்கொண்டு கேளுங்கள். நீ அக்கவுண்ட்ஸ் தெரிந்த பெண்ணாக இருந்தால் இதற்கெல்லாம் உன்னைவிட யார் வேண்டும்?

விசுவாசி_77:

ஸ்தோத்திரம் சகோதரி. காரியத்துக்குப் போகாதது சரியே, அதற்காக மனம் கலங்க வேண்டாம். விக்கிரகத்துக்குப் படைத்ததில் நமக்குப் பங்கில்லை. துக்க நேரத்தில்தான் ஆத்துமா திறந்திருக்கும், விட்டுவிடாமல் தொடர்ந்து சுவிசேஷம் சொல்லுங்கள். கைப்பிரதி ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துவிட்டு வந்தாலும் கர்த்தர் கிரியை செய்வார்.

எண்ணூர்க்காரன்:

விசுவாசி பிரதர், கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் சபைக்குப் போகிறவன்தான். துக்க நேரத்தில் ஆத்துமா திறந்திருக்கும் என்கிறீர்களே, பூட்டாத வீட்டுக்குள் நுழைவதற்கு எங்கள் பக்கம் வேறு பேர். புருஷன் செத்து ஒரு மாதம்தான் ஆன பெண் வீட்டுக் கதவில் நோட்டீஸ் சொருகினால் அந்தப் பையன் அதை என்ன பண்ணுவான்? நானாக இருந்தால் கிழித்துப் போடுவேன்.

படையல் விஷயம் அவரவர் மனச்சாட்சி, அதில் நான் நியாயம் சொல்ல வரவில்லை. பவுல் 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரம் அதற்கென்றே ஒதுக்கி எழுதியும் நாம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் சோறு சாப்பிடுவது வேறு, வாசலில் போய் நிற்பது வேறு இல்லையா? பந்தலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லித் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று இருக்கிறதே தவிர, எந்தப் பந்தலில் என்று இல்லை.

என் கதை ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் முழுக்கக் கறுப்பாகப் போனது ஞாபகம் இருக்கும். படகு, வலை, சதுப்பில் இருக்கிற அலையாத்திச் செடி, ஒன்றும் மிச்சமில்லை. மக்கையே வைத்து எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினோம். உடம்பெல்லாம் அரிப்பு. யார் யாரோ வந்தார்கள், அரிசி கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அரிசிப் பையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்க மூன்றாவது ஆள் போட்டோ எடுத்தான், வெளிச்சம் சரியில்லை என்று திரும்பவும் பிடிக்கச் சொன்னான். வலதுகை செய்கிறது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்று சொல்லியிருக்க, இங்கே வலதுகைக்கு ஸ்டேட்டஸே வேண்டியிருந்தது.

எங்கள் சபையில் ஒருத்தர், அவருக்கும் எனக்கும் காசு விஷயத்தில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. மறுநாள் காலையில் பழைய லுங்கித் துணியைக் கிழித்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். "எந்தப் பக்கத்துலேர்ந்து தொடைக்கணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. மத்தியானம் வரை ஆளுக்கு ஒரு பக்கமாக என் படகைத் துடைத்தோம். முழுசாகப் போகவில்லை, சொல்லணும். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வந்தது. காசு இன்னும் அவர் தரவில்லை, அது தனி.

நம்பிக்கை பற்றியும் ஒன்று. கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி புலம்பல் 3-இல் "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று காலண்டரில் போட்டு மாட்டுகிறோம். அது 23-ஆம் வசனம். அதற்கு முன்னால் இருபது வசனம் அந்த ஆள் புலம்பித் தள்ளுகிறார், என் நம்பிக்கையே அழிந்துபோயிற்று என்கிறார். எருசலேம் இடிந்து கிடந்த காலம். அவருக்கு இருபது வசனம் டைம் கொடுத்த பைபிள், உங்கள் அக்காவுக்கு நாலு நாள்கூடக் கொடுக்காதா?

கும்மிடிப்பூண்டி யூனிட்:

மேலே எல்லோரும் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், ஜெபம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி.

நம் பக்கத்தில் அமைதிக்கு எங்கே போவது? ராத்திரி இரண்டு மணிக்கும் கன்டெய்னர் லாரி போகும். நான் விம்கோ நகரில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகிறவன். கொருக்குப்பேட்டை பக்கம் சிக்னல் போடாமல் வண்டியை நிறுத்திப் போடுவார்கள், தெரியும்தானே. முன்பெல்லாம் போனை நோண்டுவேன். இப்போது அந்த ஐந்து பத்து நிமிஷத்தில் நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். யாரைப் பார்த்தேன், எங்கே எரிந்து விழுந்தேன், எங்கே யாரோ எனக்கு நல்லது செய்தும் கவனிக்காமல் போனேன். கத்தோலிக்கர்கள் ஆன்ம சோதனை என்பார்கள், இயேசு சபையை ஆரம்பித்த இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்தது, அந்தச் சபைக்காரர்கள் தினமும் இரண்டு தடவை செய்கிறார்கள். நான் பெந்தெகொஸ்தே, எங்களுக்குச் சத்தம் இல்லாமல் ஜெபம் என்றால் பாதி ஜெபம் மாதிரி. ஆனாலும் இது எனக்கு ஒத்துவருகிறது.

ஒன்று சொல்லட்டுமா, தப்பாக இருந்தால் மன்னியுங்கள். ஒரு மாதமாக ஒன்பது மணிக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அந்த வீட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைத்தான் ஜெபம் வரவில்லை என்கிறீர்களா? எலியா தீர்க்கதரிசி செத்துப்போகிறேன் என்று சூரைச்செடியின் கீழே படுத்தபோது தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். திரும்பத் தூங்கவிட்டான். திரும்ப எழுப்பி, திரும்பவும் சாப்பிடு என்றான். கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்.

தண்டையார்பேட்டைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. பதில் போட இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

பெரியம்மா, பாத்திரம் தேய்க்க உள்ளே போகிற தைரியம் வரவில்லை. தண்ணீரில் ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்கு அடி பம்பில் வரும். அக்கா வீட்டுக் குடம் மூன்று, பச்சை, வாசலில் காலியாக இருந்தது. என்னுடையதோடு சேர்த்து அடித்து வைத்துவிட்டு வந்தேன். நாலு நாள் அப்படியே. ஐந்தாம் நாள் குடம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுத்த நாள் பையன் வெளியே வந்து, "நான் அடிக்கிறேன் ஆன்ட்டி, நீங்க புடிங்க" என்றான்.

சான்றிதழில் பெரியம்மா சொன்ன மாதிரியே அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு. பையனோடு போய்த் திருத்த எழுதிக் கொடுத்தோம். இரண்டு தடவை அலைந்தாயிற்று, இன்னும் வரவில்லை. ஆபீசில் பர்மிஷன் போட்டுப் போட்டு மேனேஜர் முகம் சரியில்லை.

காரியத்துக்கு வராததற்கு நேற்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். தலைவலி பொய் என்றும் சொல்லிவிட்டேன். அக்கா, "தெரியும், உன் மாமியா குரல் செவுத்துல கேக்காதா?" என்றார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்கள் சத்தமும் அந்தப் பக்கம் கேட்கும் என்று எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஞாயித்துக்கெழம உங்க கோயில் எத்தினி மணிக்கு வுடும்?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, உண்மையைச் சொல்கிறேன். பத்தரைக்கு விடும் என்றேன். "அப்போ பதினொண்ணுக்கு வந்து பொண்ணுக்கு பின்னம் சொல்லிக் குடு, பரீட்ச வருது" என்றார்.

பின்னம் எனக்கே மறந்துவிட்டது. யாராவது ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு நல்ல வீடியோ தெரிந்தால் போடுங்கள்.