‘லைன்’ என்ற சொல்லால் வந்த கூத்துகள்: உங்கள் அனுபவம் என்ன?

ஹட்டன்காரி:
இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயன், லயம் என்போம்; அதன் அறை காம்பரா. ஒரு கம்பனியிலிருந்து வீட்டு ஃபோனுக்கு அழைப்பு. எடுத்தது அம்மாயி. “லைன்ல இருக்கீங்களாம்மா?” என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது. “ஆமாய்யா, பொறந்ததுலருந்து லயன்லதான். பணிய லயம், அஞ்சாவது காம்பரா” என்று சொல்லி (பணிய என்றால் கீழே), போதாக்குறைக்குக் கோயிலடியிலிருந்து வழியும் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் சத்தமே இல்லையாம். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

நானுஓயா தம்பி:
சென்னையிலிருந்து வந்த மாமா ஸ்டேஷனில் “லைன் எங்க தம்பி?” என்று கேட்டார். டிக்கட் வரிசையைத்தான் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றவர் தண்டவாளத்தைக் காட்டினார். ஸ்டேஷனில் நின்றுகொண்டு கேட்டால் வேறு எதைக் காட்டுவார்? நாங்கள் கியூ என்போம். கொழும்பு–பதுளைப் பாதைக்கு ரயில்வேயிலேயே ‘மெயின் லைன்’ என்றுதான் பெயர். கண்டி, பேராதனையில் பிரியும் கிளை மட்டுமே. கண்டிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். 1885இல் நானுஓயாவுக்கு வந்த ரயில் பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது.

கொட்டகலை டீச்சர்:
என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்று ஆங்கிலக் கட்டுரையில் ‘நாங்கள் லைனில் வசிக்கிறோம்’ என்று எழுதியது. வெளியிலிருந்து திருத்த வந்தவர் சிவப்பில் கோடு போட்டு, ‘கியூவிலா வசிக்கிறாய்?’ என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தார். எனக்கு வந்த கோபம்! பிள்ளை எழுதியதில் பிழையே இல்லை. வெள்ளைக்காரன் இந்தியாவில் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கட்டிய குடிசைகளை ‘லைன்ஸ்’ என்றான். தமிழ்நாட்டில் போலீஸ் லைன் என்று தெருப்பெயர்கூட உண்டு. அதே கணக்குத்தான் தோட்டத்திலும்: ஒரே கூரை, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், முன்னால் ஓர் இஸ்தோப்பு (வராந்தா). இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியே கிடையாது, அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். இத்தனைக்கும் அந்தச் சொல்லின் பூர்வீகம் லத்தீன் ‘லினியா’, லினன் நூல்.

மஸ்கெலியா சிவா:
டீச்சர், குதிரை லாயம்தான் லயமாச்சு என்று எங்கள் தாத்தா சொல்வாரே?

கொட்டகலை டீச்சர்:
பலரும் சொல்வதுதான், தம்பி. ஆத்திரத்தில் சொல்வதென்றால் பொருந்துகிறது. ஆனால் லயன் என்றும் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? எனக்கு லைன் என்றே படுகிறது.

பண்டாரவளை:
எங்களுக்கு 7 பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணியில் தனிவீடு கிடைத்துவிட்டது. கட்டியதும் வரிசையாகத்தான்! அதனால் அதையும் ‘புது லயம்’ என்கிறார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. யாராவது அப்படிச் சொன்னால், “வீடுன்னு சொல்லு” என்று உடனே திருத்திவிடுவார்.