இரும்பு-57: சிங்க்ரோட்ரான் தரவில் ஆறு வரி எங்கே போனது?

கேள்வி – இரும்புத்துகள்

வணக்கம். நான் ஆய்வு மாணவன். இரும்பு ஆக்சைடு ஒன்றை டயமண்ட் அன்வில் செல்லில் (இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து நசுக்கும் கருவி) அழுத்தி, எந்த அழுத்தத்தில் காந்தத்தன்மை போகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் லேபில் கோபால்ட்-57 சோர்ஸ் வைத்த மோஸ்பவர் கருவி இருக்கிறது, இரும்புக் கரு காமா கதிரை எந்தெந்த ஆற்றலில் உறிஞ்சுகிறது என்று வரிகளாகக் காட்டும். ஆனால் செல்லுக்குள் போகும் சாம்பிள் தூசி அளவுதான். நாள்கணக்கில் ஓடவிட்டாலும் கவுண்ட் ஏறுவதில்லை. இப்போது ஹம்பர்க்கில் பெட்ரா III சிங்க்ரோட்ரானில் (எலெக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் இடம்) அளவெடுக்க நேரம் கிடைத்திருக்கிறது. அங்கே எடுத்த பழைய தரவைப் பார்த்தேன். காந்தத்தன்மை இருந்தால் மோஸ்பவரில் வரும் ஆறு வரிகளைக் காணோம். ஏறி இறங்கும் வளைவு ஒன்றுதான் இருக்கிறது, அச்சில் நானோ நொடி. இதை எப்படிப் படிப்பது? கிளம்புவதற்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில் – எல்பக்கரை

தம்பி, அதே ஆறு வரிகள்தான் அந்த வளைவுக்குள் இருக்கின்றன. லேபில் சோர்ஸை ஆட்டி ஆட்டி ஆற்றலை மாற்றி, ஒவ்வொரு வரியாகப் பிடிக்கிறீர்கள். இங்கே ஒரே பாய்ச்சலில் எல்லாக் கருக்களும் ஒன்றாகக் கிளர்கின்றன. அதன்பின் அவை சேர்ந்து வெளிவிடும் கதிரை நேரக் கணக்கில் பதிவு செய்கிறோம்.

இரும்பு-57 கருவின் கிளர்நிலை 14.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது, சராசரி ஆயுள் 141 நானோ நொடி. பெட்ராவில் 40 எலெக்ட்ரான் கொத்துகளை ஓட்டும்போது, ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் 192 நானோ நொடி இடைவெளி. எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறிய எக்ஸ் கதிர் உடனே வந்துவிடும். கருவில் பட்டது தாமதமாக வரும். குறிப்பிட்ட ஆற்றலை மட்டும் விடும் மோனோகுரோமேட்டர் எவ்வளவு வடிகட்டினாலும் ஒரு மில்லி எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்குத்தான் வரும். கருவின் வரி அகலமோ 4.7 நானோ எலெக்ட்ரான் வோல்ட். மிச்சத்தைப் பிரித்துக் கொடுப்பது அந்தத் தாமதம்தான். 1985-இல் கெர்டாவ் குழு இதை முதன்முதலில் காட்டியதும் பெட்ரா இருக்கும் இதே டெசி ஆய்வுக்கூட வளாகத்தில்தான். எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்காத விஷயம் இது.

சுருதி சற்றே விலகிய இரண்டு தம்புரா தந்திகளைச் சேர்த்து மீட்டினால் விம்மல் கேட்குமே, அதுதான் அந்த ஏற்ற இறக்கம். சாதாரண இரும்புத் தகட்டில் கரு உணரும் காந்தப்புலம் 33 டெஸ்லா. அதைச் சரியான திசையில் காந்தமாக்கி இரண்டு வரிகளை மட்டும் கிளப்பினால், சுமார் 14 நானோ நொடிக்கு ஒரு விம்மல் வரும். தகட்டை அழுத்திக்கொண்டே போனால் 13 கிகா பாஸ்கல் அருகே இரும்பு தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது, அந்த வேகமான விம்மலும் மறைகிறது. உங்கள் ஆக்சைடில் காந்தம் போன பிறகும் மெதுவான விம்மல் மிஞ்சலாம். அது நான்முனைப் பிளவு, கருவைச் சுற்றியுள்ள மின்புலம் சீராக இல்லாததால் வரிகள் பிரிவது. லேபில் சோர்ஸை ஆட்டும் வேகக் கணக்கில் 1 மி.மீ/நொடி பிளவுக்கு, ஒரு விம்மல் சுமார் 86 நானோ நொடி.

தயாரிப்பைப் பொறுத்தவரை, இயற்கை இரும்பில் 57 ஐசோடோப்பு 2 சதவீதம் சொச்சம்தான். அதனால் சாம்பிளைச் செய்யும்போதே செறிவூட்டிய இரும்பைப் போடுங்கள். அழுத்தமில்லாத சாம்பிளின் மோஸ்பவர் நிறமாலையை லேபிலேயே எடுத்துவிடுங்கள், வளைவுக்குக் கணக்கைப் பொருத்தும் ஃபிட்டைத் தொடங்க அது வேண்டும்.

பதில் – தனிமப்பித்தன்

மேலே சொன்னதோடு ஒன்று: ஐசோமர் ஷிஃப்ட் (கருவைச் சுற்றிய எலெக்ட்ரான் அடர்த்தியால் வரிகள் மொத்தமாக நகர்வது) வேண்டுமானால் சாம்பிளை மட்டும் அளந்தால் போதாது. நேர வளைவு வரிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டுமே சொல்லும். பீமில் ஒப்பிட ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டைக் கூடவே வைத்து இன்னொரு தடவை அளங்கள். வரிகளாகவே பார்க்க வேண்டும் என்றால் கிரெனோபிளில் சிங்க்ரோட்ரான் மோஸ்பவர் சோர்ஸ் உண்டு. இரும்பு போரேட் படிகத்தை 75 டிகிரி செல்சியஸ் அருகே சூடாக்கி, ஒற்றை வரியை அதிலிருந்து எடுக்கிறார்கள்.

இரும்புத்துகள்

நன்றி அண்ணா, இருவருக்கும். பழைய தரவில் ஒரு ஃபைலில் முதல் பள்ளத்துக்கும் இரண்டாவதுக்கும் உள்ள தூரத்தைவிட, அடுத்த இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகமாக இருக்கிறது. விம்மல் சீராகத்தானே வர வேண்டும்?

எல்பக்கரை

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். அது வரிப் பிளவால் வந்ததாகத் தெரியவில்லை, சாம்பிள் தடிமன். தடித்த சாம்பிளுக்குள் கதிர் கருவிலிருந்து கருவுக்கு மீண்டும் மீண்டும் சிதறி, அதுவே தனியாகப் பள்ளங்களை உண்டாக்கும். அந்தப் பள்ளங்களுக்கு நடுவே இடைவெளி போகப்போக விரியும், வரிப் பிளவால் வரும் விம்மல் சீராக இருக்கும். இரண்டும் கலந்துவிட்டால் ஃபிட் நன்றாகப் பொருந்தியும் காந்தப்புலம் தப்பாக வரும். அந்த ஃபைலுக்கு ஃபிட்டில் தடிமனையும் ஒரு மாறியாக விடுங்கள். உங்கள் சாம்பிளை இரண்டு தடிமனில் செய்து எடுத்துப் போங்கள், செல்லில் ஏற்றுமுன் தடிமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.