ஊருணி ஏலம்: பங்காளிகள் குழு

*அழகு:* ஊருணி தூர் வார நிதி திரட்டும் ஏலத்தை இந்தத் தடவை போனிலேயே நடத்தலாமா? மைக்கில் கூவ வேண்டாம். பொருளுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை இருக்கும். ஸ்கேன் செய்தால் கூகுள் படிவம் திறக்கும், கேட்கிற தொகையைப் போட்டு அனுப்பினால் போதும்.

*பெரிய வீட்டு ஆச்சி:* பிள்ளையார் நோன்பன்று உப்பை ஏலம் விட்டாலே கூடம் அதிரும். சத்தமில்லாமல் விலை எப்படித் தம்பி ஏறும்?

*அழகு:* நோன்பு ஏலத்தில் கை வைக்கவே மாட்டேன் ஆச்சி. இது வேறு. போன வருஷம் முன்வரிசையில் இருந்த நாலு பேர்தான் கேட்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு 500 ரூபாய் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். இதில் பெயர் வெளியே தெரியாது. ஆளுக்கொரு எண் கொடுப்போம், அதுதான் எல்லோருக்கும் தெரியும்.

*கீழவீட்டு அயித்தை:* உண்மைதான். ஓலைக்கொட்டான் கூடை கேட்க ஆசையாக வந்தேன். பக்கத்தில் ஆயிரம் ஆயிரமாக ஏறியதும் பேசாமல் இருந்துவிட்டேன்.

*சிங்கப்பூர் அண்ணன்:* அப்படியென்றால் நாங்களும் கேட்கலாமே! அங்கே ராத்திரி 8 மணிக்கு முடித்தால் இங்கே 10.30, சரிதான். ஆனால் கடைசி நொடியில் பத்து ரூபாய் கூட்டிப் போட்டு யாரும் தட்டிக்கொண்டு போகக் கூடாது.

*அழகு:* ஆரம்ப விலையும், ஒரு தடவைக்குக் குறைந்தது எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதும் அட்டையிலேயே இருக்கும் அண்ணே. கடைசி 2 நிமிடத்தில் யாராவது கூட்டிக் கேட்டால் அந்தப் பொருளுக்கு மட்டும் 5 நிமிடம் நீட்டிப்போம். ஒரே தொகையை இரண்டு பேர் கேட்டால் முந்தியவருக்குத்தான். படிவத்தில் நேரம் தானாகப் பதிவாகிவிடும், சண்டையே வராது.

*சிங்கப்பூர் அண்ணன்:* நம்மை யாராவது தாண்டிவிட்டால் எப்படித் தெரியும்?

*அழகு:* இதற்கென்றே உள்ள செயலிகளில் உடனே செய்தி வரும். நாம் படிவத்தில் நடத்துவதால், கால் மணிக்கு ஒரு தடவை உச்ச விலையை நானே இங்கே போடுகிறேன். ஜெயித்தவர் ஜீபேயில் கட்டிய பிறகுதான் பொருள் கைக்குப் போகும். போன வருஷம் கேட்டதில் இரண்டு தொகை இன்னும் வரவில்லை.

*பெரிய வீட்டு ஆச்சி:* பட்டன் போன்காரர்கள் என்ன செய்வார்கள்?

*அழகு:* முகப்பில் இரண்டு பிள்ளைகளைப் போனோடு உட்கார வைக்கிறேன். காதில் சொன்னால் போட்டுக் கொடுப்பார்கள்.

*கீழவீட்டு அயித்தை:* அப்படியென்றால் நான் ஒரு கண்டாங்கிச் சேலை தருகிறேன், மடி பிரிக்காதது.

*பெரிய வீட்டு ஆச்சி:* எங்கள் ஆத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த மங்கு (எனாமல்) அடுக்கு ஒன்று இருக்கிறது. ஊருணிக்கு என்றால் கொடுக்கலாம். மூடியில் கொஞ்சம் பூச்சு தெறித்திருக்கும்.

*அழகு:* அந்த இடமும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள் ஆச்சி. வெளியூரில் இருந்து கேட்கிறவர்கள் அதைப் பார்த்துத்தானே விலை போடுவார்கள்.

*பெரிய வீட்டு ஆச்சி:* சரி. காலையில் வளவு முற்றத்தில் வெயில் விழும்போது எடுத்து அனுப்புகிறேன்.