மறுமொழி: ‘ரெலாஹோ’வுக்குத் தமிழ்ச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மெக்சிகோ ஸ்பானியத்தின் ‘ரெலாஹோ’வுக்கு, அதாவது மதிப்போடு நடக்கும் ஒரு காரியத்தைச் சிலர் சேர்ந்து கலகலப்பாகக் குலைப்பதற்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் நீங்கள் சொன்னவற்றுக்கு என் மறுமொழி இது.

> கும்மாளம் என்று ஒரு சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

கும்மாளம் நல்ல சொல்தான். ஆனால் அது ஸ்பெயினில் சொல்லும் ‘ஹுவெர்கா’வுக்குத்தான் பொருந்தும்: குடி, பாட்டு, விடிய விடிய ஆட்டம். (வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் ‘உவெல்கா’தான் இதற்கும் மூலம். மற்ற இடங்களில் ஒலிக்காமல் போன முதலெழுத்தைத் தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் விடாமல் உச்சரித்ததால், ஒரு சொல் இரண்டாகிவிட்டது.) மெக்சிகோவின் ரெலாஹோவுக்குக் குடியும் பாட்டும் வேண்டியதில்லை. மதிப்போடு நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியம் வேண்டும், அதைக் குலைக்க நாலு பேர் வேண்டும்.

ஹோர்ஹே போர்த்தில்யா என்ற மெக்சிகத் தத்துவவாதி இதைப் பற்றி மட்டுமே ‘ரெலாஹோவின் நிகழ்வியல்’ என்று ஒரு நூல் எழுதினார் (நிகழ்வியல் என்பது ஒன்று நம் அனுபவத்தில் தோன்றும் விதத்தை ஆராயும் தத்துவ முறை). அவர் மறைந்த பிறகு, 1966-இல் வெளிவந்தது. தனியாக இருந்துகொண்டு ரெலாஹோ செய்யவே முடியாது என்கிறார். ஒரு மேடைப் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் ஒருவன் விசில் அடிக்கிறான். யாரும் சேரவில்லை என்றால் அது வெறும் இடைஞ்சல். பக்கத்தில் இருப்பவன் சிரிக்க, அவனுக்கு அடுத்தவன் ஏதோ சொல்ல, வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டு, பேச்சைக் கேட்கவேண்டும் என்ற எண்ணமே எல்லாருக்கும் விட்டுப்போனால், அதுதான் ரெலாஹோ. பேசுகிறவரைக் கேலி செய்வது நோக்கமில்லை. அந்தக் காரியத்துக்கு இருந்த கனத்தை இறக்கிவைப்பதுதான் நோக்கம்.

அதனால்தான் கிண்டல், நக்கல், கலாய்ப்பு எதுவும் சரிவராது. அவை ஓர் ஆளைப் பார்த்துச் செய்பவை. நக்கலைக் கியூபாவின் ‘சோத்தேயோ’வுக்கு எடுத்துவைப்போம். ஹோர்ஹே மன்யாச் 1928-இல் சோத்தேயோவை ஆராய்ந்தபோது, எதையும் மதித்து எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் ரெலாஹோவாக்கிவிடும் குணம் என்றுதான் விளக்கினார். சோத்தேயோ குணம், ரெலாஹோ நிகழ்வு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த வரியையே மொழிபெயர்க்க முடியாது.

> கூத்தடிப்பு?

பொருள் அப்படியே உட்காருகிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இரவெல்லாம் கண்விழித்து ஆடுகிற தெருக்கூத்துக் கலைஞர்களின் தொழிலின் பெயரை ஒழுங்குகுலைவுக்குப் பெயராக ஏற்கெனவே பேச்சில் போதுமான அளவு பயன்படுத்திவிட்டோம். அகராதியிலும் ஏற்றவேண்டாம்.

என் பரிந்துரை: லூட்டி. ஸ்பானியத்தில் ‘எச்சார் ரெலாஹோ’ என்று ஒரு துணைவினையோடு சொல்வதைப்போல, நாமும் லூட்டி அடிக்கிறோம். சிறுபிள்ளைகளின் சொல் என்று சிலர் தயங்கலாம். ரெலாஹோவும் தெருவில் புழங்கிய சொல்தானே? போர்த்தில்யா அதைத் தத்துவத்துக்குள் கொண்டுபோனபோது அதற்குக் கோட்டு மாட்டிவிடவில்லை.

‘தளர்வாட்டம்’ சொன்னவருக்கு ஒன்று. ரெலாஹோவுக்கு உள்ள ‘தளர்த்துவது’ என்ற வேர்ப்பொருள் உங்கள் சொல்லில் மட்டும்தான் தங்குகிறது, லூட்டியில் அது போய்விடுகிறது. இது உண்மையான இழப்பு. ஏனென்றால் போர்த்தில்யாவின் நூலில் ரெலாஹோக்காரனுக்கு எதிரே நிற்பவன் ‘அப்ரெத்தாதோ’, அதாவது இறுகிப்போனவன். தன் மதிப்பைத் தானே சுமந்துகொண்டு நடப்பவன். அவனுக்கு ‘விறைப்பன்’ என்று வைக்கலாமா? லூட்டிக்காரனும் விறைப்பனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், தளர்வும் இறுக்கமும் ஓரளவாவது காதில் விழும் என்று நினைக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.