கோம்பை நாய் கவ்வியதை விடுவதே இல்லை, எப்படிப் பழக்குவது?

உடுமலை தோப்புக்காரன்:

வணக்கம். உடுமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, ஓரத்தில் ஒரு வெள்ளாட்டுப் பட்டியும் உண்டு. இராக்காவலுக்கென்று தேனிப் பக்கம் போய் ஒரு கோம்பைக் குட்டி வாங்கி வந்தேன். ஆண். பெயர் சூரன். ஒன்பது மாதம் ஆகப்போகிறது. கூப்பிட்டால் வருவான், உட்கார் என்றால் உட்காருவான், சோற்றுத் தட்டில் கை வைத்தாலும் உறுமமாட்டான். ஆனால் வாயில் எதையாவது கவ்விவிட்டால் விடவே மாட்டான். சாக்கு, தென்னை மட்டை, டயர்த் துண்டு, சொட்டுநீர்க் குழாய், எதுவானாலும் சரி. இழுத்தால் இன்னும் இறுக்கிக்கொள்கிறான்.

இதுவரை பொருள் சேதத்தோடு போனது. போன வாரம் பட்டியிலிருந்து துள்ளி ஓடிய ஆட்டுக்குட்டியின் பின்னங்காலைக் கவ்விவிட்டான். குதறவில்லை, உலுக்கவில்லை, பிடித்தபடியே நின்றான். குட்டி கத்தக் கத்தப் பிடி இறுகியது. நானும் தோப்பில் வேலை பார்க்கும் அண்ணனும் சேர்ந்துதான் விடுவித்தோம். கால்நடை மருத்துவர் காயத்தைக் கழுவி ஊசி போட்டார், குட்டி இப்போது நன்றாக நடக்கிறது.

மூக்கில் ஓங்கி ஒன்று போடு என்கிறார்கள், காதைத் திருகு என்கிறார்கள். எனக்கு அடிக்க மனசு வரவில்லை. அப்பாவோ, விடச் சொல்லிப் பழக்கினால் காவல் குணமே போய்விடும் என்கிறார். அது உண்மையா? ‘விடு’ என்றதும் விடவைக்க என்ன வழி?

சேலம் லேப் வீடு:

எங்கள் லேப்ரடார் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். வேகவைத்த கோழி ஈரலை மூக்குக்குப் பக்கத்தில் காட்டுவோம், வாயைத் திறந்ததும் ‘விடு’ என்று சொல்லிக் கொடுப்போம். சீக்கிரமே பழகிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள்.

பேரூர் அக்கா:

தம்பி, அடிக்க மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த மனசை மாற்றிக்கொள்ளாதீர்கள். நான் தோட்டக் காவலுக்கு நாய் பழக்கித் தருகிறேன். கோம்பை, ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் வரும். மூக்கில் அடி வாங்கிய நாய்கள், கை கிட்டே வந்தால் இன்னும் இறுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டுதான் வருகின்றன. சில நாய்கள் சாக்கை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடிக்கும்.

சூரன் செய்வது கெட்ட குணம் இல்லை. கோம்பை காட்டுப்பன்றி வேட்டைக்கு வைத்திருந்த இனம். பன்றியைப் பிடித்த நாய் பாதியில் வாயைத் திறந்தால் பன்றி அந்த நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது அந்த வேட்டைக்குத் தடை, தாடை அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் இழுக்கும்போது இரை திமிறுவதாகவே அவனுக்குத் தோன்றும். ஆட்டுக்குட்டி காலை உதறியபோது நடந்ததும் அதுதான். அதனால் முதலில் இழுப்பதை நிறுத்துங்கள்.

ஒரு கோணிச்சாக்கைக் கை நீளத்துக்கு இறுக்கமாகச் சுருட்டிக் கயிறு கட்டுங்கள். ஒரே மாதிரி இரண்டு வேண்டும். கழுத்துக்கு அகலமான பட்டை, ஆறடிக் கயிறு. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் வேண்டவே வேண்டாம். சாக்கின் இரு நுனியையும் பிடித்துக்கொண்டு நடுவில் கவ்வவிடுங்கள். கொஞ்ச நேரம் இழுத்து விளையாடுங்கள், அவனும் ஆசை தீர இழுக்கட்டும். அப்புறம் சட்டென்று நிறுத்திச் சாக்கைத் தொடையோடு அழுத்திக்கொள்ளுங்கள். அவன் எவ்வளவு இழுத்தாலும் அது அசையக் கூடாது. தென்னை மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றால் சுலபம். பேசாதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள். உறுமுவான், பிடியை மாற்றுவான். காத்திருங்கள். ஒரு கட்டத்தில் வாய் தளரும். தளர்ந்த அந்த நொடியிலேயே ‘சபாஷ்’ என்று சொல்லி, அதே சாக்கை மறுபடி கவ்வக் கொடுங்கள்.

இந்த மறுபடி கொடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் நாய் விட்டதும் பொருளைப் பிடுங்கி ஒளித்துவைப்பார்கள். விட்டால் ஆட்டம் முடிந்தது என்று நாய்க்குப் பதிந்துவிடும், அடுத்த முறை எதற்கு விடப்போகிறது? திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்த நாய், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே விடும். அன்றைய ஆட்டத்தை முடிக்கும்போதும் பிடுங்காதீர்கள். இரண்டாவது சாக்கை ஆட்டிக் காட்டினால் முதலாவதைப் போட்டுவிட்டு வருவான். அதைக் கவ்விக்கொண்டு தோப்பில் ஒரு சுற்று நடக்கட்டும்.

இதுவரை ‘விடு’ என்று நீங்கள் சொல்லவே கூடாது. சாக்கு அசையாமல் நின்றால் தயங்காமல் விடுகிறான் என்ற நிலைக்கு வந்த பிறகுதான் கட்டளை. முதலில் சொல்லுங்கள், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துக் கையை நிறுத்துங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் அவன் உங்கள் கையைத்தான் கவனிப்பான். சாதாரணக் குரலில் ஒரே தடவை போதும், கத்த வேண்டாம். வீட்டில் ஒருவர் ‘விடு’, இன்னொருவர் ‘போடு’, வேறொருவர் ‘லீவ் இட்’ என்று ஆளுக்கொன்று சொல்லக் கூடாது.

சேலம் நண்பர் சொன்ன ஈரல் செருப்புக்கும் குழாய்க்கும் நல்ல வழிதான். ஆனால் ஆடு துள்ளும்போது ஈரல் சூரன் கண்ணில் படாது. ஈரலுக்காகவே பொருளைத் தூக்கி வரும் நாய்களும் உண்டு.

நாய்க்கு நிரந்தரப் பற்கள் 42, பெரும்பாலும் ஏழு மாதத்துக்குள் முளைத்துவிடும். அதனால் இந்த வயதில் இழுத்து விளையாடலாம். டயரை மட்டும் அப்புறப்படுத்துங்கள், உள்ளே கம்பி இருக்கும். விடிகாலையில் சில நிமிடங்கள் போதும். வாய் நிறையச் சாக்கை வைத்துக்கொண்டு நாயால் சரியாக மூச்சிரைக்க முடியாது, வெயிலில் உடம்பு சூடேறிவிடும்.

அப்பாவின் கவலைக்கு வருகிறேன். ஐ.ஜி.பி. என்று நாய்களுக்கு ஒரு போட்டி இருக்கிறது. ஜெர்மனியில் ஷுட்ஸ்ஹண்ட் என்ற பெயரில் தொடங்கியது, ஐ.பி.ஓ. என்று இருந்து 2019இல் இந்தப் பெயருக்கு மாறியது. பாய்ந்து போய், எதிராளியாக நடிப்பவரின் கைக்கவசத்தைக் கவ்வும் நாய், சொன்னதும் விட்டுவிட்டு அந்த ஆள் முன்னாலேயே காவல் நிற்க வேண்டும். கூடுதல் கட்டளைக்கும் விடாத நாயைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள், அது எவ்வளவு அழகாகக் கவ்வியிருந்தாலும். விடத் தெரிந்ததால் அந்த நாய்களின் வேகம் எதுவும் குறையவில்லை. தோப்புக் காவலுக்கோ குரைப்பே போதும். ஆளைக் கடிக்க மட்டும் பழக்கிவிடாதீர்கள்.

உடுமலை தோப்புக்காரன்:

ரொம்ப நன்றி அக்கா. சாக்கு உருட்டி ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் விடவே இல்லை, எனக்குத்தான் கை வலித்தது. இப்போது சாக்கைத் தொடையில் வைத்ததும் கொஞ்ச நேரத்தில் விடுகிறான். மட்டையைக் கவ்வினால் மட்டும் பழைய கதைதான். ஆடு விஷயத்தில் என்ன செய்வது? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சிவகங்கை கிடைக்காரர்:

தம்பி, நாங்கள் செம்மறிக் கிடை போடுகிறவர்கள். இளநாயை ஆட்டோடு தனியாக விடவே மாட்டோம். நிற்கிற ஆட்டை எந்த நாயும் கண்டுகொள்ளாது, ஓடுகிற குட்டிதான் வம்பு. காலையில் பட்டியைத் திறக்கிற நேரத்திலும் சாயங்காலம் குட்டியைத் தாயிடம் விடுகிற நேரத்திலும் சூரன் கயிற்றில் இருக்கட்டும். நீளக் கயிறாகப் போட்டுக்கொண்டு பட்டி ஓரமாகவே நடங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால் தட்டிக்கொடுங்கள். ஒருதரம் கவ்விய ருசி இருக்கிறது, இன்னொருதரம் கவ்வ விட்டுவிடாதீர்கள். அதுதான் முக்கியம்.

பேரூர் அக்கா:

கிடைக்காரர் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆட்டைக் கவ்விய பிறகு விடவைப்பது இந்தப் பாடத்தின் கடைசிப் பக்கம், முதல் பக்கம் இல்லை. மட்டைக்கு விடாததில் ஆச்சரியமே இல்லை. அவன் கற்றது சாக்குக்கு மட்டும். மட்டை, குழாய்த் துண்டு, கயிறு என்று ஒவ்வொன்றையும் முதலிலிருந்து அதே முறையில் செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் பிடிபடும். பிறகு நீங்கள் எட்டி நின்று சொல்லுங்கள். பிறகு வேலைக்கு இருக்கும் அண்ணன் சாக்கை ஆட்டிக்கொண்டு ஓட, கவ்விய இடத்தில் நீங்கள் சொல்லுங்கள். அங்கேயும் ஒரே சொல்லுக்கு விட்டால், கயிற்றோடு பட்டிப் பக்கம் வரலாம்.

அதற்குள் ஆட்டைக் கவ்விவிட்டால் இழுக்க வேண்டாம், வாய்க்குள் விரல் விட வேண்டாம். ஒருவர் ஆட்டை அசையாமல் அணைத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சூரனைத் தொடைகளுக்கு நடுவில் நிறுத்தி, கழுத்துப் பட்டையைக் காதுக்குப் பின்னால் உயரமாகப் பிடித்து நேர் மேலே தூக்க வேண்டும். வெடுக்கென்று இல்லாமல் ஒரே சீராக. மூச்சுக்காக வாய் திறக்கும், அந்த நொடியில் ஆட்டை விலக்கிவிட்டுப் பட்டையையும் தளர்த்திவிடுங்கள். இது அவசரத்துக்கு மட்டும், பயிற்சியாகச் செய்யாதீர்கள். அப்புறம் ஆட்டின் மயிரை விலக்கி நன்றாகப் பாருங்கள். நாய்ப் பல் பட்ட காயம் மேலே ஊசி முனையளவு தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.